மூலிகை நம் ஊரில், லாபம் வெளியூரில்: பங்கு எப்படி வரும்?

கேள்வி (உசிலம்பட்டி அருகேயுள்ள ஓர் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு உறுப்பினர்): எங்கள் ஊரில் குழு அமைத்தார்கள், ஊரில் உள்ள செடி கொடிகளை எல்லாம் பட்டியலிடும் பதிவேடும் எழுதியாகிவிட்டது. மதுரையில் பயிற்சி என்றார்கள், அதற்கும் போய் வந்தோம். சாப்பாடு போட்டுச் சான்றிதழும் கொடுத்தார்கள். ஆனால் சிறுகுறிஞ்சானையும் ஆவாரம்பூவையும் வியாபாரி அதே பழைய விலைக்குத்தான் எடுத்துப் போகிறார். நம் மூலிகையை வைத்துச் சம்பாதிக்கும் கம்பெனி ஊருக்கும் பங்கு தரும், அதுதான் பலன் பகிர்வு என்று சொன்னார்களே, அந்தப் பணம் எப்போது வரும், ஐயா?

பதில்: உட்காருங்கள் அம்மா. பயிற்சிக்குப் போய் வந்த எல்லோரும் மனதுக்குள் வைத்திருப்பதை நீங்கள் வாய்விட்டுக் கேட்டுவிட்டீர்கள்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். இலை பறிப்பவர்கள் பலர், இந்தப் பல்லுயிர்ச் சட்டம் வந்தால் நம்மிடம்தான் பணம் பிடிப்பார்கள் என்று நினைத்துக் குழுக் கூட்டத்துக்கே வருவதில்லை. அப்படி எதுவும் இல்லை. உள்ளூர் மக்கள், பயிரிடும் விவசாயிகள், பரம்பரை வைத்தியர்கள் ஆகியோருக்குச் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. பணம் கட்ட வேண்டியது அதை வைத்துத் தொழில் செய்யும் நிறுவனம்தான்.

இதன் வரலாறு நீளமானது, சுருக்கமாகவே சொல்கிறேன். 1992-இல் ரியோ மாநாட்டில் உலக நாடுகள் பல்லுயிர் ஒப்பந்தம் செய்தன. அதையொட்டி இந்தியா 2002-இல் பல்லுயிர்ச் சட்டத்தை இயற்றியது. பலன் பகிர்வுக்கென்றே ஜப்பானின் நகோயா நகரில் 2010-இல் ஏற்கப்பட்ட உடன்படிக்கை 2014-இல் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் மட்டும்தானே கட்ட வேண்டும், நாங்கள் எதற்குக் கட்ட வேண்டும் என்று உள்நாட்டு நிறுவனம் ஒன்று வழக்குத் தொடுத்தது. உள்நாட்டு நிறுவனங்களும் கட்டியாக வேண்டும் என்று உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆக, பங்கு கேட்க உரிமை இருக்கிறதா என்ற சந்தேகம் யாருக்கும் வேண்டாம்.

எவ்வளவு வரும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2025-இல் வந்த புதிய ஒழுங்குமுறைப்படி, ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ள நிறுவனம் ஒன்றும் கட்ட வேண்டாம். 5 கோடியிலிருந்து 50 கோடி வரை என்றால் 0.2 சதவீதம், 250 கோடி வரை 0.4, அதற்கும் மேலே போனால் 0.6. ஒரு கம்பெனி 20 கோடி ரூபாய்க்குப் பொருள் விற்றால் 4 லட்சம் ரூபாய். அந்தப் பொருளில் பத்து மூலிகை இருக்கும், அவை நாற்பது ஊரிலிருந்து வந்திருக்கும். உங்கள் ஊர்ப் பங்கைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். (அரங்கில் சிரிப்பு) சிரிக்கிறீர்கள், ஆனால் பயிற்சியில் லட்ச லட்சமாக வரும் என்பதுபோல் பேசிவிட்டுப் போகிறவர்கள்மீது எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்தச் சிறு தொகையும் ஏன் வந்து சேர்வதில்லை? கம்பெனி கட்டும் பணம் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்துக்கோ மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கோ போகிறது. அவர்கள் நிர்வாகத்துக்கு ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியை மூலிகை வந்த ஊருக்கு அனுப்ப வேண்டும். எந்த ஊர் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் காயவைத்த சிறுகுறிஞ்சான் உள்ளூர் வியாபாரியிடம் போகிறது. அவரிடமிருந்து மண்டிக்கு, மண்டியிலிருந்து வெளிமாநில ஆலைக்கு. மண்டியில் நான்கு ஊர்ச் சரக்கை ஒரே குவியலில் கொட்டியதோடு உங்கள் ஊர் காணாமல் போய்விடுகிறது. அதற்குப் பிறகு பங்கு வந்தாலும் பொது நிதியில்தான் சேரும்.

தெலங்கானாவில் அமரசிந்தா என்று ஒரு கிராமம். அங்கிருந்து 2,000 கிலோ வேப்பிலை ஜப்பானுக்கு ஏற்றுமதியானது. அதற்காக 55,035 ரூபாய் தேசிய ஆணையத்துக்கு வந்தது. அதிலிருந்து அந்த ஊர்க் குழுவுக்கும் பங்கு போனது. பெரிய தொகை இல்லை. ஆனால் இலை எந்த ஊரில் பறித்தது என்பது காகிதத்தில் இருந்ததால்தான் அதுவாவது போய்ச் சேர்ந்தது.

அதனால் உங்கள் குழு செய்ய வேண்டிய முதல் வேலை ஒரு சீட்டுப் புத்தகம் போடுவது. தேதி, மூலிகையின் பெயர், எடை, பறித்த இடம், அது தானாக வளர்ந்ததா பயிரிட்டதா, வாங்குபவர் பெயர், கையெழுத்து. இரண்டு பிரதி. ஒன்று வியாபாரிக்கு, ஒன்று குழுவுக்கு. முதல் முறை வியாபாரி முகம் சுளிப்பார், அடுத்த ஊரில் வாங்கிக்கொள்கிறேன் என்பார். ஒரு ஊர் மட்டும் கேட்டால் அப்படித்தான் நடக்கும். அக்கம்பக்கத்து ஊராட்சிகளோடு பேசி, எல்லோரும் ஒரே மாதத்தில் தொடங்குங்கள். தன் ஊராட்சி எல்லைக்குள் வணிகத்துக்காக மூலிகை எடுத்துப் போகிறவரிடம் குழுவே கட்டணம் வசூலிக்கலாம் என்று சட்டத்தின் 41-ஆம் பிரிவு சொல்கிறது. சென்னையிலிருந்து வருவதற்குக் காத்திராமல் உங்கள் கையிலேயே இருக்கும் வழி அது. உங்கள் பயிற்சியில் இதைச் சொன்னார்களா?

(இல்லை என்கிறார்.)

நினைத்தேன். இன்னொன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதுதான் இப்போது முக்கியம். சட்டத்தை 2023-இல் திருத்தினார்கள், 2024 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, சாகுபடி செய்த மூலிகைக்குப் பலன் பகிர்வு கிடையாது. நூல்களில் பதிவான மரபு அறிவுக்கும் விலக்கு. இரண்டாவது விலக்கு எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. சித்த மருத்துவ நூல்களில் இல்லாத மூலிகையைத் தேடினால் எத்தனை கிடைக்கும்? அதை விடுங்கள், முதல் விலக்குக்கு வருகிறேன். இது சாகுபடி செய்த மூலிகைதான் என்று மூலச் சான்று கொடுப்பது யார் தெரியுமா? உங்கள் குழுதான். நாளை ஒருவர் அச்சடித்த படிவத்தோடு வந்து, வெறும் சம்பிரதாயம்தான், ஒரு கையெழுத்துப் போடுங்கள் அம்மா என்பார். மலையடிவாரத்தில் பறித்த சரக்குக்குச் சாகுபடி என்று நீங்கள் கையெழுத்துப் போட்டால், உங்கள் பங்கை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். சீட்டுப் புத்தகத்தில் தானாக வளர்ந்ததா என்று ஒரு கட்டம் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். உண்மையிலேயே தோட்டத்தில் பயிரிட்டவருக்கு இழுத்தடிக்காமல் சான்று கொடுத்துவிடுங்கள், அவருக்கு அது உதவி.

பணம் வந்தபின் என்ன ஆகும் என்பதற்குக் அகத்தியமலைப் பழங்குடிகளான காணி மக்களின் கதையைப் பாருங்கள். 1987-இல் அகத்தியமலைக் காட்டுக்குள் போன கேரள ஆராய்ச்சிக் குழுவுக்கு வழிகாட்டிய காணி இளைஞர்கள், களைப்பே இல்லாமல் நடந்தார்கள். அவர்கள் மென்றுகொண்டிருந்தது ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையின் காய். அதிலிருந்து உருவான மருந்தைத் தயாரிக்கும் உரிமையை ஆராய்ச்சி நிறுவனம் 1995-இல் ஒரு கம்பெனிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் கொடுத்தது. அதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவு செய்தார்கள். அந்தக் காலத்தில் இப்படிச் செய்யச் சட்டமே இல்லை, அந்த விஞ்ஞானிகளைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பணத்தை யாரிடம் கொடுப்பது? காணி மக்களுக்கென்று ஓர் அமைப்பு இல்லை. அறக்கட்டளை பதிவானது 1997-இல், பணம் கைக்கு வந்தது 1999-இல். அதற்குள், எங்களைக் கேட்கவே இல்லையே என்று மற்றக் குடியிருப்புகளில் மனத்தாங்கல். இலையைப் பறித்துக் கொடுக்கலாம் என்றால் வனத்துறை அனுமதிக்கவில்லை. வெளியார் பாராட்டிய திட்டம் உள்ளே அவ்வளவு சிக்கலாக இருந்தது. குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, வரும் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று கிராம சபையில் தீர்மானம் போட்டாயிற்றா, இதையெல்லாம் பணம் வரும் முன்பே முடித்துவிடுங்கள். பறிக்கும் பெண்கள் அந்தத் தீர்மானத்தில் இருக்க வேண்டும். குழுவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும் என்று 2004 விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். பல ஊர்களில் அவர்கள் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது, ஆள் இல்லை.

பதிவேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. யார் எழுதினார்கள்? வெளியிலிருந்து வந்தவர்கள் இரண்டு நாளில் எழுதிப் போயிருந்தால், ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்து ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்து ஊர்ப் பதிவேட்டை அப்படியே நகல் எடுத்தது பல இடங்களில் நடக்கிறது. உங்கள் ஊரில் இருக்கும் செடி இருக்காது, இல்லாத செடி இருக்கும். செடியின் பெயர், வளரும் இடம், பருவம் எல்லாம் எழுதுங்கள். பாட்டி எந்த அளவில் எதோடு சேர்த்து அரைப்பார் என்பதை, அவர் சம்மதம் இல்லாமல் எழுத வேண்டாம்.

காகிதத்தால் என்ன ஆகிவிடும் என்று பின்னால் ஒருவர் முணுமுணுக்கிறார், கேட்கிறது. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியை 2022-இல் இதே சட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள், 477 ஏக்கர். டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது மக்கள் திரண்டு எழுந்ததால்தான் 2025 ஜனவரியில் அது ரத்தானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் திரண்டவர்கள் கையில் அந்த அறிவிப்பும் இருந்தது.

மறுபடி பயிற்சிக்கு அழைத்தால் போங்கள் அம்மா, ஆனால் தனியாகப் போகாதீர்கள். பறிப்பவர் ஒருவரையும் ஊராட்சிச் செயலரையும் கூட்டிப் போங்கள். கட்டணம் வசூலிக்கும் தீர்மானத்தை எப்படி எழுதுவது, மூலச் சான்றுப் படிவத்தை எப்படிச் சரிபார்ப்பது, இந்த இரண்டையும் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் மாவட்டத்து மூலிகையை எடுப்பதாக எந்தெந்தக் கம்பெனி தகவல் கொடுத்திருக்கிறது என்று கேட்டு, மாநில வாரியத்துக்குக் குழுவின் பெயரில் ஒரு கடிதமும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள்.