விளம்பரத்துக்கு ஒரு தனி எண்

நேயர்களுக்கு வணக்கம். சிறுதொழில் செய்வோர் விளம்பரத்துக்குச் செலவிடும் பணத்தில் எது பலன் தருகிறது என்பதை அறிய உதவும் தனித் தொலைபேசி எண்களைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

தாம்பரத்தில் ஏசி பழுதுபார்க்கும் கடை நடத்தும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கோடை தொடங்குமுன் அவர் நாளிதழ்களுக்குள் துண்டறிக்கை வைக்கிறார். சில ஆட்டோக்களின் பின்புறம் பதாகை ஒட்டுகிறார். கூகுள் விளம்பரத்துக்கும் மாதந்தோறும் பணம் கட்டுகிறார். மூன்றிலும் இருப்பது ஒரே கைபேசி எண். ஏப்ரலில் அழைப்புகள் பெருகுகின்றன. ஆனால் அழைத்தவர் எதைப் பார்த்து அழைத்தார் என்பது அவருக்குத் தெரிவதில்லை. விளம்பரமே இல்லாவிட்டாலும் வெயில் கொண்டுவந்திருக்கக்கூடிய அழைப்புகள் எத்தனை என்பதும் தெரிவதில்லை. அடுத்த ஆண்டும் மூன்றுக்கும் பணம் கொடுக்கிறார்.

அமெரிக்காவில் அஞ்சல்வழி வணிகம் செய்தவர்கள் நூறாண்டுக்கு முன்பே இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். ஒவ்வொரு பத்திரிகை விளம்பரத்திலும் தங்கள் முகவரியோடு வெவ்வேறு பிரிவு எண்ணை அச்சிட்டு, வரும் கடித உறையில் எந்த எண் இருக்கிறது என்று பார்த்தே எந்தப் பத்திரிகை பலன் தந்தது என்று கணக்கிட்டார்கள். இந்தியாவில் விளம்பரத்திலுள்ள எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்கச் செய்து, அந்தப் பழக்கத்தையே விளம்பரத்தின் அளவுகோலாக மாற்றியது பெங்களூருவின் ஜிப்டயல் நிறுவனம். அதை 2015ஆம் ஆண்டு ட்விட்டர் விலைக்கு வாங்கியது.

இன்று எக்சோடெல், நோலாரிட்டி போன்ற நிறுவனங்கள் மாதக் கட்டணத்துக்கு எண்களைத் தருகின்றன. துண்டறிக்கைக்கு ஓர் எண், ஆட்டோவுக்கு ஓர் எண் என்று பெற்றுக்கொண்டால், எந்த எண்ணுக்கு அழைத்தாலும் கடைக்காரரின் கைபேசியே ஒலிக்கும். அழைத்தவரின் எண், நேரம், பேசிய நொடிகள், அழைப்பு எடுக்கப்பட்டதா இல்லையா என்பவை எல்லாம் தனித்தனியே பதிவாகும். அந்தக் கட்டணம் கட்டுப்படியாகாதவர், விளம்பரத்துக்கென்று ஒரு சிம் வாங்கி இரட்டை சிம் கைபேசியில் போட்டுக்கொண்டாலே போதும். அழைப்பு எந்த சிம்முக்கு வந்தது என்பதைத் திரையே காட்டிவிடும்.

பதிவு கைக்கு வந்தபின், பெரும்பாலோர் எந்த எண்ணுக்கு அதிக அழைப்பு என்று மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். எடுக்கப்படாத அழைப்புகளையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மெக்கானிக் மாடியில் வேலையாக இருக்கும் நண்பகலில் நான்கு அழைப்புகள் தவறியிருந்தால், அந்த நான்கையும் கொண்டுவந்த விளம்பரத்தில் குறையில்லை. எடுக்க ஆள் இல்லாததுதான் குறை. ஏசி ஓடாத வீட்டுக்காரர் நாம் திரும்ப அழைக்கும்வரை காத்திருக்கமாட்டார், அடுத்த கடைக்கு அழைத்துவிடுவார். அதன்பின் ஒரே ஆள் மூன்று முறை அழைத்ததை ஒன்றாகக் கணக்கிட வேண்டும். பழைய வாடிக்கையாளரை நீக்க வேண்டும். சில நொடிகளில் முடிந்த அழைப்புகளைத் தனியே வைக்க வேண்டும். மீதமுள்ளவற்றில் எத்தனை வேலையாக மாறின, அவற்றால் எவ்வளவு வருமானம் வந்தது என்பதை நோட்டுப் புத்தகத்தில் எழுதாதவரை அந்தப் பதிவு அரைகுறைதான். அப்போதும் ஒன்றை மறக்கலாகாது: ஆட்டோவில் பல நாள் பெயரைப் பார்த்தவர் ஒருநாள் கூகுளில் தேடி அழைத்தால், கணக்கு கூகுளுக்கே போகும். ஆகவே "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?" என்று வாய்விட்டுக் கேட்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.

தனி எண்ணை எங்கே போடக் கூடாது என்பதும் முக்கியம். கடையின் பெயர்ப்பலகை, ரசீது, துணிப்பை, புத்தாண்டுக்குக் கொடுக்கும் தினசரி காலண்டர் ஆகியவற்றில் உங்கள் சொந்த எண்ணே இருக்கட்டும். காலண்டர் ஓராண்டு சுவரில் தொங்கும். துணிப்பை அதையும் தாண்டி உழைக்கும். அவற்றிலுள்ள எண் உங்களிடம் நிலைத்திருக்க வேண்டும். இணையத்தில் உங்கள் கடையைக் குறிக்கும் பக்கங்களில் பெயரும் முகவரியும் எண்ணும் ஒன்றுபோல் இருப்பது நல்லது. மேலும், விளம்பரத்தில் உள்ள எண்ணுக்கு மக்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிப் பார்ப்பார்கள். அந்த எண்ணில் வாட்ஸ்அப் இல்லையென்றால், வாட்ஸ்அப் உள்ள எண்ணைப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

உரையாடலைப் பதிவுசெய்யும் வசதியும் இச்சேவைகளில் உண்டு. வாடிக்கையாளரிடம் சொல்லாமல் அதைச் செய்யாதீர்கள். தனிநபர் தரவைத் திரட்டுவதற்கு முன் அறிவிப்பும் ஒப்புதலும் வேண்டும் என்பதே 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. சட்டம் ஒருபுறம் இருக்க, தன் வீட்டு முகவரியைச் சொல்லும் ஒருவருக்கு, தன் குரல் எங்கே சேமிக்கப்படுகிறது என்று அறியும் உரிமை உண்டு என்று நான் நம்புகிறேன்.

ஒப்பந்தம் செய்யுமுன், அந்த எண் யார் பெயரில் இருக்கும், சேவையை நிறுத்தினால் அது உங்களிடம் தங்குமா என்பதை எழுத்தில் பெறுங்கள். கைவிடப்பட்ட கைபேசி எண் குறைந்தது 90 நாட்களுக்குப் பிறருக்குத் தரப்படுவதில்லை என்று 2023இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதன்பின் அது யாரிடமும் போகலாம், உங்கள் போட்டியாளரிடமும் போகலாம். துண்டறிக்கை பல வீடுகளில் ஃபிரிட்ஜின் மேல் மாதக்கணக்கில் கிடக்கும். ஆகையால் விளம்பரம் முடிந்ததும் எண்ணை நிறுத்திவிடாமல், அடுத்த கோடை வரையாவது வைத்திருந்து, தாமதமாக வரும் அழைப்புகளையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.