போதைக் கும்பல்கள் ஏன் மோதுகின்றன? குற்ற நாவலுக்குள் ஒரு கணக்கு வழக்கு

(திரை: கறுப்புப் பின்னணி. புத்தகப் பக்கங்கள் வேகமாகப் புரள்கின்றன.)

வணக்கம். இரண்டு போதைப்பொருள் கும்பல்கள் முட்டிக்கொள்ளும் குற்ற நாவல் எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில அத்தியாயங்களுக்குள் ஒரு பிணம் விழும், பதிலுக்கு எதிர்த்தரப்பில் ஒன்று விழும். அப்புறம் கடைசிப் பக்கம் வரை துப்பாக்கிச் சத்தம்தான். இந்த வகை நாவல்களில் பாதிக்கு மேல் எனக்குச் சலித்துப்போகின்றன. இத்தனை பேர் எதற்காகச் சாகிறார்கள் என்று கேட்டால், "பழிக்குப் பழி" என்று ஒற்றை வரியில் கதாசிரியர் நழுவிவிடுகிறார்.

கொஞ்சம் யோசித்தால் இது பெரிய புதிர். போர் வந்தால் வியாபாரம் படுத்துவிடும். லாபத்துக்காகவே கூடியவர்கள் ஏன் நஷ்டத்தைத் தேடிப் போகிறார்கள்?

(திரை: கணக்கு நோட்டின் ஒரு பக்கம். வரிகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.)

சிகாகோவில் கிராக் கொக்கைன் விற்றுவந்த ஒரு கும்பலின் நான்கு ஆண்டுக் கணக்கு நோட்டுகள் சுதிர் வெங்கடேஷ் என்ற சமூகவியலாளர் கைக்கு வந்தன. பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட்டுடன் சேர்ந்து அவற்றை ஆராய்ந்து, 2000-ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். வரவுப் பக்கத்தில் போதைப்பொருள் விற்பனை, உறுப்பினர் சந்தா, அந்தப் பகுதியில் தொழில் செய்பவர்களிடம் பிடுங்கிய கப்பம். செலவுப் பக்கத்தில் சரக்கின் கொள்முதல் விலை, மேலிடத்துக்குக் கட்டிய பங்கு, ஆயுதங்கள், கூலிக்குச் சண்டை போட வந்தவர்களின் சம்பளம், ஈமச்சடங்குச் செலவு, இறந்தவர் குடும்பத்துக்குக் கொடுத்த பணம். ஆமாம், ஈமச்சடங்கு! ஆயுதத்தையும் சம்பளத்தையும் போல அதுவும் மாதாந்தரக் கணக்கில் ஒரு வரி.

சண்டை நடக்கும் மாதங்களில் வாங்க வருபவர்கள் பயந்துபோய்த் தெருப்பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. விலை சரிகிறது, சில சமயம் அடக்க விலைக்கும் கீழே விற்க வேண்டியிருக்கிறது. செலவு மட்டும் ஏறுகிறது. கும்பல் தலைவனுக்கு இது நன்றாகவே தெரியும், அதனால் அவன் கூடியவரை சமாதானத்தைத்தான் விரும்புகிறான்.

தெருமுனையில் நின்று விற்கும் பையனின் நிலை வேறு. லெவிட்டின் கணக்குப்படி அவனுடைய வருமானம் மணிக்குச் சுமார் 3.30 டாலர். நான்கு ஆண்டுகளும் களத்தில் நின்றால், கொல்லப்படுவதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. மேலே ஏறினால்தான் காசு. மேலே ஏற வேண்டுமென்றால் பெயர் எடுக்க வேண்டும். அமைதியான காலத்தில் யாரும் பெயர் எடுப்பதில்லை. ஆகவே அவன் சுடுகிறான். தலைவன் தலையில் அடித்துக்கொள்கிறான், ஆனாலும் தன் ஆளை விட்டுக்கொடுத்தால் கோழை என்று ஆகிவிடுமே என்று போரில் இறங்குகிறான். தன் அடியாளின் அவசரத்தால் மாட்டிக்கொள்ளும் தலைவன் இருக்கும் நாவலை நான் கீழே வைக்க மாட்டேன்.

(திரை: மூன்று வட்டங்கள். மூன்றாவது மட்டும் ஒளிர்கிறது.)

1985-இல் பால் கோல்ட்ஸ்டீன் என்ற அமெரிக்க ஆய்வாளர் போதைப்பொருள் சார்ந்த வன்முறையை மூன்றாகப் பிரித்தார். போதை தலைக்கேறிச் செய்வது, போதைக்குக் காசு தேடிச் செய்வது, சட்டவிரோதச் சந்தையே பெற்றெடுப்பது. நம் நாவல்கள் குடியிருப்பது மூன்றாவதில். அனுப்பிய சரக்கில் எடை குறைந்தால் வழக்குப் போட முடியாது. கடன்காரனுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்ப முடியாது. எல்லைத் தகராறுக்கு நில அளவையரை அழைக்க முடியாது. இவை அத்தனைக்கும் அங்கே துப்பாக்கிதான் நீதிமன்றம்.

(திரை: மெக்சிகோ வரைபடம். குவாதலஹாராவிலிருந்து கோடுகள் பிரிகின்றன.)

இன்னொரு காரணம் வாரிசுச் சிக்கல். இதற்கு மெக்சிகோவைப் பார்க்க வேண்டும். குவாதலஹாரா கும்பலின் தலைவன் மிகேல் ஆங்ஹெல் ஃபெலிக்ஸ் கயார்தோ 1989 ஏப்ரலில் கைதானான். ஒரே குடையின் கீழ் இருந்த கடத்தல் பாதைகள் பங்காளிகளிடம் பிரிந்தன. அமெரிக்க எல்லையோர நகரமான திஹுவானா அரெயானோ ஃபெலிக்ஸ் சகோதரர்களுக்குப் போனது. சினலோவா மாநிலத் தரப்பில் 'எல் சாப்போ' குஸ்மான் தலையெடுத்தான். சில ஆண்டுகளில் இரு தரப்பும் பகையாளிகள். 1993 மே 24 அன்று குவாதலஹாரா விமான நிலைய வாகன நிறுத்துமிடத்தில் கத்தோலிக்கக் கர்தினால் ஹுவான் ஹெசுஸ் போசாதாஸ் ஒகாம்போ சுட்டுக் கொல்லப்பட்டார். குஸ்மானைத் தேடி வந்தவர்கள் ஆள் மாறிச் சுட்டுவிட்டார்கள் என்றது அரசுத் தரப்பு. அதைத் திருச்சபையில் பலர் இன்றும் ஏற்பதில்லை.

தலைவன் கைதாவதோடு முடியும் நாவல்களைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும். கதை சூடுபிடிப்பதே அவன் கையில் விலங்கு விழுந்த பிறகுதான்.

(திரை: பழைய அமெரிக்கச் சுரங்க நகரம். கறுப்பு வெள்ளை.)

இந்த வகைக்கு ஒரு மூத்த முன்னோடி உண்டு. அமெரிக்க எழுத்தாளர் டாஷியல் ஹாமெட் 1929-இல் வெளியிட்ட 'ரெட் ஹார்வெஸ்ட்' நாவல். அதில் வருவது கள்ளச்சாராயமும் சூதாட்டமும்தான், ஆனால் இயந்திரம் இதேதான். ஹாமெட் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் என்பதால், ஊர் எப்படி அழுகுகிறது என்பது அவருக்குக் கேள்வி ஞானம் இல்லை. கதையில், வேலைநிறுத்தத்தை உடைக்கச் சுரங்க முதலாளி ஒருவர் அடியாட்களை இறக்குகிறார். வேலை முடிந்த பின் அவர்கள் போக மறுத்து ஊரையே பங்குபோட்டுக்கொள்கிறார்கள். வெளியூரிலிருந்து வரும் துப்பறிவாளன் பெரும்பாலும் ஆயுதத்தைக்கூட எடுப்பதில்லை. இவனிடம் ஒரு பொய், அவனிடம் பாதி உண்மை என்று கோள்மூட்டியே அவர்களை ஒருவரோடு ஒருவர் மோதவிடுகிறான். ஒரு கட்டத்தில் கொலை தனக்கே பிடித்துப்போகிறதோ என்று மிரளவும் செய்கிறான்.

கடைசியில் ராணுவச் சட்டம் வருகிறது. கும்பல் தலைவர்கள் மண்ணோடு மண்ணாகிறார்கள். ஊர் யார் கைக்குத் திரும்புகிறது தெரியுமா? முதன்முதலில் அடியாட்களை வரவழைத்த அதே கிழட்டு முதலாளியின் கைக்கு.