ஓவியச் சுவடிகளும் அவற்றின் உடைமையாளர்களும்

(நூலக வார விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, புதிய வாசிப்பு அரங்கைத் திறந்து வைத்துச் சிறப்பித்த மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களே, தம் வாழ்நாளில் சேர்த்த நூல்கள் அனைத்தையும் இந்நூலகத்துக்கு மனமுவந்து வழங்கி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் அவர்களே, வாசகர் வட்டத்தின் செயலாளர் அவர்களே, நூலகப் பணியாளர்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். இந்த மேடையில் என்னை நிறுத்திய வாசகர் வட்டத்துக்கும், என்னைப் பற்றி நல்ல சொற்கள் கூறிய தலைவர் அவர்களுக்கும் நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

இடைக்கால ஐரோப்பாவில் பதப்படுத்திய விலங்குத் தோலில் கையால் எழுதப்பட்டு, பொன்தகடும் வண்ணமும் இட்டு அணிசெய்யப்பட்ட சுவடிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவற்றைச் செய்வித்தவர்கள் யார், அவை எவ்வாறு கைமாறின, அவற்றுக்கு எவ்வாறு விலை வந்தது என்னும் மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணியுள்ளேன். இச்சுவடிகளின் கதையைப் படிக்கும்போதெல்லாம் என் நாவில் வந்து நிற்பது, ‘கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தாற்போல’ என்னும் நம் பழமொழிதான். கண் நோக எழுதிய துறவியும் வண்ணம் குழைத்த ஓவியனும் மறைந்துபோக, வேறு யார் யாரோ அவற்றில் குடியேறினார்கள்.

முதலில் ஒரு நூலைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் கேன்டர்பரி வட்டாரத்தில் 8-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு நற்செய்தி நூல் எழுதப்பட்டது. ஊதாச் சாயம் தோய்த்த ஏடு ஒன்று, சாயமிடாத ஏடு ஒன்று என்று மாறி மாறி அமைந்த நூல் அது. ஊதா ஏடுகளில் பொன்னாலும் வெள்ளியாலும் வெண்மையாலும் எழுத்துகள் மின்னும். அடுத்த நூற்றாண்டில் வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள் கடல் வழியாக வந்து கொள்ளையிட்டபோது இந்நூலும் அவர்கள் கையில் சிக்கியது. அவர்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனால் அதை இழந்தவர்கள் எவ்வளவு கொடுத்தேனும் மீட்பார்கள் என்பது தெரியும். அப்போது ஆல்ஃபிரட் என்ற பிரபுவும் அவர் மனைவி வெர்பர்கும் முன்வந்தார்கள். படை திரட்டிப் போகவில்லை. தம்முடைய தூய பொன்னை எடைபோட்டுக் கொடுத்து நூலை மீட்டார்கள். மீட்டதோடு நிற்காமல், மத்தேயு நற்செய்தி தொடங்கும் அழகிய பக்கத்திலேயே, மேலும் கீழும் இருந்த வெற்றிடத்தில், தாங்கள் செய்ததைப் பழைய ஆங்கிலத்தில் எழுதுவித்தார்கள். இப்புனித நூல் வேற்றுச் சமயத்தார் கையில் கிடக்க மனம் ஒப்பாமல் பொன் கொடுத்து மீட்டோம், கேன்டர்பரியின் கிறிஸ்து ஆலயத்துக்கு அளிக்கிறோம், எங்கள் இருவருடைய ஆன்மாவுக்காகவும் எங்கள் மகள் ஆல்த்ரித்தின் ஆன்மாவுக்காகவும் மாதந்தோறும் இது வாசிக்கப்பட வேண்டும், இவ்வாலயத்திலிருந்து இதை எவரும் அகற்றத் துணியக்கூடாது என்பது அக்குறிப்பின் சாரம். அவையோரே, ஒரு தாயும் தந்தையும் மகளும் இன்று நமக்குப் பெயரோடு தெரிகிறார்கள் என்றால், அந்த ஒரு பக்கம் அந்த நூலை விட்டுப் பிரியாமல் இருப்பதே காரணம். அவர்கள் இட்ட தடை மட்டும் நிலைக்கவில்லை. நூல் எப்படியோ இங்கிலாந்தை விட்டு வெளியேறி, 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் இருந்தது. 1690-இல் மாட்ரிட் நகரில் ஸ்வீடன் அறிஞர் ஸ்பார்வென்ஃபெல்ட் அதனை வாங்கினார். இன்று அது ஸ்டாக்ஹோமில் ஸ்வீடன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதைதான். ஆனாலும் புற்று முழுமையாக நிற்கிறது.

செய்வித்தவரையும் விலையையும் ஒரே நூலில் காட்ட முடியும். ஹென்றி தி லயன் என்ற ஜெர்மானியக் கோமகன் 12-ஆம் நூற்றாண்டில் பிரவுன்ஷ்வைக் ஆலயத்துக்காகச் செய்வித்த நற்செய்தி நூலை ஹெல்மார்ஸ்ஹவுசன் மடத்துத் துறவி ஹெரிமன் எழுதினார். அது பிராகு நகரப் பேராலயத்துக்குப் போய், 1861-இல் ஹனோவர் அரசரிடம் வந்து, 1983 டிசம்பரில் லண்டனில் சோத்பீஸ் ஏலத்தில் 81 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. ஜெர்மன் நடுவண் அரசும் மாநிலங்களும் சேர்ந்து வாங்கியதால் அது சிதையாமல் தாயகம் திரும்பியது.

எல்லா நூல்களுக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை என்பதைச் சொல்லத்தான் நான் இங்கு நிற்கிறேன். 1798-இல் ரோமைப் பிடித்த பிரெஞ்சுப் படையினர் சிஸ்டைன் சிற்றாலயத்தின் இசைச் சுவடிகளைச் சூறையாடினார்கள். அவற்றிலிருந்து வெட்டியெடுத்த ஓவியங்களை செலொட்டி என்ற பாதிரியார் 1825-இல் லண்டன் கிறிஸ்டீஸில் ஏலம் விட்டார். கலையின் காவலராகப் போற்றப்பட்ட ஜான் ரஸ்கினே, ஒரு வழிபாட்டு நூலை மாலைப் பொழுதில் வெட்டியதாகவும் அது கடினமான வேலை என்றும் 1854-இல் நாட்குறிப்பில் எழுதினார். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கலைக் கல்லூரியில் பணியாற்றிய ஆட்டோ எகே பல சுவடிகளைத் தனித்தனி ஏடுகளாகப் பிரித்து விற்றார். எளியவரும் ஓர் ஏட்டையாவது சொந்தமாக்கிக் கொள்ளலாமே என்று 1938-இல் வெளிப்படையாக வாதிட்டார். அந்த வாதத்தில் நல்லெண்ணம் இருக்கலாம். நான் அதை ஏற்க மாட்டேன். கருநாகமாவது குடிபுகுந்த புற்றை இடிப்பதில்லை.

இடித்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரான்சின் போவே நகரத்துத் திருப்பலி நூல் சான்று. 309 ஏடுகள் கொண்ட அந்நூலை, 1356-இல் இறந்த ராபர்ட் டி ஹாங்கெஸ்ட் என்ற குரு, தம் நினைவுநாளில் வழிபாடு நடைபெற வேண்டும் என்று கோரிப் பேராலயத்துக்கு விட்டுச் சென்றார். பின்னாளில் அது அமெரிக்கப் பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டிடம் இருந்தது. 1942-இல் அவர் அதை விற்றார்; வாங்கிய வணிகர் நூலைப் பிரித்தார்; எகேயும் அந்த ஏடுகளை விற்றார். லிசா ஃபாகின் டேவிஸ் என்ற அறிஞர் நூற்றுக்கு மேற்பட்ட ஏடுகளை உலகெங்கும் தேடிக் கண்டு, அவற்றின் படங்களைக் கணினித் திரையில் ஒன்றுசேர்த்து வருகிறார். 2022-இல் மெய்ன் மாநிலத்தில் ஒரு வீட்டுப் பொருள் விற்பனையில் ஓர் ஏடு 75 டாலருக்குக் கிடைத்தது. ஹாங்கெஸ்ட் தந்த நூல் இதுதான் என்று நாம் அறிய முடிவதே, 1926-இல் வெளிவந்த ஏலப் பட்டியல் அவருடைய கொடைக் குறிப்பைப் பதிவு செய்திருந்ததால்தான்.

ஆர்மீனியச் சான்றும் ஒன்று உண்டு. தோரோஸ் ரோஸ்லின் 1256-இல் எழுதி ஓவியம் தீட்டிய செய்தூன் என்ற ஊரின் பெயரால் வழங்கும் நற்செய்தி நூலிலிருந்து, ஆர்மீனிய இனப்படுகொலைக் காலத்துக் குழப்பத்தில் எட்டுப் பக்கங்கள் பிரிந்துபோயின. அவற்றை 1994-இல் கெட்டி அருங்காட்சியகம் வாங்கியது. 2010-இல் ஆர்மீனியத் திருச்சபை வழக்குத் தொடுத்தது. 2015-இல் ஏற்பட்ட உடன்பாட்டில் பக்கங்களுக்கு உரிமை திருச்சபையினுடையதே என்று அருங்காட்சியகம் ஒப்புக்கொள்ள, திருச்சபை அவற்றை அதற்கே கொடையாக அளித்தது. எஞ்சிய நூல் ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் இருக்கிறது.

ஆகவே அன்புள்ள அவையோரே, இணைய ஏலங்களில் இன்றும் ‘தனி ஏடு’ என்ற பெயரில் இவை விற்பனைக்கு வருகின்றன. வாங்குபவர் உள்ளவரை வெட்டுபவரும் இருப்பார். எந்த நூலிலிருந்து பிரிந்தது, முன்பு யாரிடம் இருந்தது, எந்த ஆண்டு பிரிக்கப்பட்டது என்னும் மூன்றையும் சொல்லாத ஏட்டை ஏல நிறுவனங்கள் ஏற்கக்கூடாது என்று நாங்கள் ஒரு வேண்டுகோள் மனு எழுதியுள்ளோம். அதன் படிகள் வாயிலருகே மேசையில் வைக்கப்பட்டுள்ளன. ஆட்சித் தலைவர் அவர்களும் பெரியவர் அவர்களும் முதல் இரண்டு கையெழுத்துகளை இட்டுத் தொடங்கி வைக்குமாறும், மாணவர்கள் ஒருவர் விடாமல் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.