நாம், நாங்கள், 'தூர்வாரப்படும்'

வணக்கம் மக்களே. ராயபுரம் ராபின்சன் பூங்கா பக்கத்தில் நின்று பேசுகிறேன், ஹாரன் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திமுகவின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது இங்கேதான், மேடைப் பேச்சைப் பற்றிப் பேச இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

நேற்று ராத்திரி டிவியில் தேர்தல் விவாதம் பார்த்தேன். எந்தக் கட்சி என்பதை விடுங்கள், எப்போது 'நாம்' வருகிறது, எப்போது 'நாங்கள்' வருகிறது என்று மட்டும் கவனித்தேன். வெள்ளம், விலைவாசி என்றால் 'நாம் எல்லாரும் கஷ்டப்பட்டோம்', பாலம் கட்டியது, பட்டா கொடுத்தது என்றால் உடனே 'நாங்கள் செய்தோம்'. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், தமிழில் கேட்பவரை உள்ளே இழுக்க ஒன்று, வெளியே நிறுத்த ஒன்று, அதனால் காது கொடுத்தால் பிடித்துவிடலாம்.

2014இல் ஜெயலலிதா மேடைக்கு மேடை 'செய்வீர்களா?' என்று கேட்டார், ஞாபகம் இருக்கிறதா? அங்கே 'செய்வோம்' என்று வாக்குறுதி கொடுத்தது கூட்டம், தலைவர் இல்லை.

ஆனால் எனக்கு நிஜமாகவே கோபம் வருவது 'படும்' என்ற சொல்லில்தான். 'நடவடிக்கை எடுக்கப்படும்', 'கால்வாய் தூர்வாரப்படும்'. யார் தூர்வாருவார், எப்போது? அந்த வாக்கியத்தில் ஆளே கிடையாது. நான் ஸ்கூல் படித்த காலத்திலிருந்து எங்கள் தெருவில் இதைக் கேட்கிறேன், இன்றும் பெருமழை வந்தால் அம்மா அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்.

1967இல் அண்ணா சொன்னதைப் பாருங்கள்: ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம். ஓசை நயம் இருக்கிறது, சரி, ஆனால் ஆசை எவ்வளவு, வாக்கு எவ்வளவு என்று அவரே பிரித்து வைத்துவிட்டார், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஜெயித்த பிறகு ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது, செலவு தாங்காமல் நீடிக்கவில்லை. அதையும் ஜனங்கள் கணக்குப் பார்க்க முடிந்தது, ஏனென்றால் சொன்னது படிக்கணக்கில். 'தூர்வாரப்படும்' என்பதை எந்தப் படியால் அளப்பது?

அடுத்து எங்கள் தெருவுக்கு எந்த வேட்பாளர் வந்தாலும் கேமராவோடு நிற்பேன். 'நான் தூர்வார வைப்பேன், இந்த மாதத்துக்குள்' என்று அவர் வாயால் சொல்லட்டும், ஒரு விநாடி கூட வெட்டாமல் அப்படியே போடுகிறேன்.