விமானத்துக்கு எஃப்சி யார் கொடுப்பது?

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, பஸ்ஸை ஆர்டிஓ ஆபீஸில் எஃப்சி காட்டுகிற மாதிரி விமானத்தை எங்கே காட்டுவார்கள்?" படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

தம்பி, நீங்கள் சொல்லும் எஃப்சியும் உண்டு. ஒவ்வொரு விமானத்துக்கும் பறக்கும் தகுதிச் சான்று தனித்தனி, இங்கே டிஜிசிஏ என்ற விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கொடுக்கிறது, வருஷா வருஷம் மறு ஆய்வும் நடக்கும். ஆனால் அதற்கெல்லாம் முந்தியது டைப் சர்டிபிகேட், அதாவது அந்த மாடலின் வடிவமைப்புக்கே கொடுக்கிற சான்று. அதைக் கொடுப்பது அமெரிக்காவில் எஃப்ஏஏ, ஐரோப்பாவில் ஈஏஎஸ்ஏ என்ற விமானப் பாதுகாப்பு அமைப்புகள்.

(மேலே சுகோய் போர் விமானம் போகிறது, மைக்கில் கேட்கும். தஞ்சாவூர் விமானப்படைத் தளம் பக்கம் உட்கார்ந்து ரெக்கார்டு பண்ணினால் இப்படித்தான். போர் விமானக் கணக்கே வேறு, இன்னொரு நாள் பேசுவோம்.)

அந்தச் சான்று வேண்டுமென்றால் உடைத்துக் காட்டணும். பழைய நேயர்களுக்கு இதைக் கேட்டுக் கேட்டு அலுத்திருக்கும், பரவாயில்லை. பறக்கும் காலத்தில் இறக்கை அதிகபட்சம் எவ்வளவு சுமையைச் சந்திக்கலாமோ அதில் ஒன்றரை மடங்கை, அதாவது 150 சதவீதத்தை, தரையிலேயே ஏற்றுவார்கள், 3 வினாடி தாங்கணும். 1995-இல் போயிங் 777 இறக்கையை மேல்நோக்கி வளைத்துக்கொண்டே போனார்கள், 154 சதவீதத்தில் படாரென்று முறிந்தது. சோதனையில் பாஸ்! 2006-இல் ஏர்பஸ் ஏ380 இறக்கை 150-ஐத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே முறிந்துவிட்டது, அந்த இடத்தைப் பலப்படுத்த வேண்டியதாயிற்று.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: சோதிப்பது யாருடைய ஆள்? எஃப்ஏஏ சார்பில் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவர்களில் பலர் விமானம் செய்யும் கம்பெனியிலேயே சம்பளம் வாங்குபவர்கள். எல்லாவற்றையும் பார்க்க அரசிடம் ஆள் போதாது, அதனால் சட்டமே அனுமதிக்கிறது. போயிங் 737 மேக்ஸில் மூக்கைத் தானாகக் கீழே அழுத்தும் எம்காஸ் என்ற மென்பொருள் ஒரே ஒரு சென்சாரை நம்பி வேலை செய்தது, அதுவும் சான்று வாங்கித்தான் பறந்தது. 2018-இல் இந்தோனேசியாவில், 2019-இல் எத்தியோப்பியாவில் அந்த விமானங்கள் விழுந்து மொத்தம் 346 பேர் இறந்தார்கள். இறக்கையை முறித்துப் பார்த்த அளவுக்கு அந்த மென்பொருளை யாரும் முறித்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் கோபம். மாற்றங்கள் செய்த பிறகு இந்தியாவில் டிஜிசிஏ 737 மேக்ஸைத் திரும்பப் பறக்கவிட 2021 ஆகஸ்ட் ஆகிவிட்டது.