படர்தாமரை போகவே மாட்டேன் என்கிறதா? அந்த ட்யூப்பைத் திருப்பிப் பாருங்கள்!

வீட்டில் "அரிப்புக்கு" என்று ஒரு ட்யூப் இருக்கும் இல்லையா? அதை எடுத்து வந்து கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். படர்தாமரை மாதக்கணக்கில் போகாமல் இருப்பதற்கு அந்த ட்யூப்பே காரணமாக இருக்கலாம்.

வணக்கம். படர்தாமரை ஒரு பூஞ்சைத் தொற்று. வியர்வையும் ஈரமும் தங்கும் தொடையிடுக்கு, இடுப்பு, அக்குள்தான் அதற்குப் பிடித்த இடங்கள். சரி, விஷயத்துக்கு வருவோம்.

(திரையில்: கையில் வட்டத் தடிப்பு)

இந்த வட்டத்தைப் பாருங்கள். நடுப்பகுதி தெளிந்திருக்கிறது. விளிம்பு மட்டும் மேடாக, செதில் செதிலாக இருக்கிறது. ஏன் வட்டம்? காய்ந்த புல்வெளியில் ஒரு பொறி விழுந்தால் எரிந்த நடுப்பகுதி அடங்கிவிடும், தீ விளிம்பில் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தப் பூஞ்சையும் அப்படித்தான். தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதம்தான் அதற்குச் சாப்பாடு. நடுவில் உடல் அதை அடக்க அடக்க, புதுத் தோலைத் தேடி வெளிப்பக்கம் நகர்கிறது. அதனால்தான் டாக்டர் விளிம்பைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார். க்ரீமையும் விளிம்பைத் தாண்டி 2 செ.மீ. வரை தடவச் சொல்கிறார். எனக்கு இந்த நோயில் மிகவும் வியப்பான விஷயம் இதுதான்!

இப்போது ட்யூப்பைத் திருப்புங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், இவற்றில் ஏதாவது எழுதியிருக்கிறதா? அது ஸ்டீராய்டு. தடவினால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். ஆனால் திருடன் வந்ததும் குரைக்கிற நாயைக் கட்டிப்போட்டது போலத்தான் அது. அரிப்பும் சிவப்பும் உடல் பூஞ்சையோடு சண்டை போடுவதன் அடையாளம். சண்டையை நிறுத்திவிட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். க்ரீமை நிறுத்திய சில நாளில் படர்தாமரை இரண்டு மடங்காகத் திரும்பும். வட்ட வடிவமே கலைந்து, டாக்டருக்கும் அடையாளம் தெரியாமல் போகலாம். இந்த க்ரீமால் தொடையில் விழும் வரித் தழும்புகளோ முழுதாக மறைவதில்லை. 2018-இல் மத்திய அரசு இத்தகைய பல ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது. இன்றும் சீட்டு இல்லாமல் வாங்கிவிட முடிகிறது. இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

சரி, என்ன செய்வது? சிறிய இடம் என்றால் பூஞ்சைக்கு மட்டுமான க்ரீம், குளோட்ரிமசால் போல. மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடாமல் தடவுங்கள். பாதியில் விடுவதால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது. பரவியிருந்தால் மாத்திரை வேண்டும், அதை டாக்டர்தான் தர வேண்டும். டெர்பினாஃபின் என்ற பூஞ்சை எதிர்ப்பு மாத்திரைக்கே அடங்காத ஒரு வகைப் பூஞ்சை நம் நாட்டில் பரவிவிட்டது. 2020-இல் அதற்கு வைத்த பெயரிலேயே இந்தியா இருக்கிறது: டிரைக்கோபைட்டன் இன்டோட்டினியே.

அப்புறம், துண்டை யாருடனும் பகிர வேண்டாம். ஈர ஜீன்ஸ் வேண்டாம். அரைஞாண் கயிற்றைக் கொஞ்ச நாள் கழற்றி வையுங்கள், ஈரமும் பூஞ்சையும் அதில் தங்கும். வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு இருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் மருந்து எடுங்கள்.

அரிப்பே இல்லாமல், தொட்டால் உணர்ச்சியும் இல்லாத திட்டு என்றால் அது படர்தாமரையாக இருக்காது. தொழுநோயாக இருக்கலாம். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், அங்கே மருந்து இலவசம்.

உங்கள் ட்யூப்பில் என்ன எழுதியிருந்தது? கமெண்ட்டில் எழுதுங்கள். ஸ்டீராய்டு இருந்து, பல வாரமாகத் தடவி வந்திருந்தால், அதை எடுத்துக்கொண்டே தோல் டாக்டரிடம் போங்கள்.