முதலில் பார்த்ததைச் சொல்லுங்கள்

வணக்கம். இங்கே வந்திருப்பவர்களில் சிலர் இப்போதுதான் கலை விமர்சனம் எழுதத் தொடங்கியிருக்கிறீர்கள். சிலர் அப்படி எழுதுகிறவர்களுக்குப் பத்திரிகை ஆசிரியராக இருக்கிறீர்கள். உங்கள் எல்லோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: தீர்ப்பு அப்புறம் இருக்கட்டும், என்ன பார்த்தீர்கள்?

பிரெஞ்சு எழுத்தாளர் தெனி திதெரோ 1759-இல் பாரிஸ் ஓவியக் கண்காட்சியைப் பற்றி எழுதத் தொடங்கினார். கையால் படியெடுக்கப்பட்டு, பிற நாடுகளில் இருந்த ஒருசில சந்தாதாரர்களுக்குப் போன எழுத்து அது. அவர்கள் அந்த ஓவியங்களைப் பார்த்ததில்லை. புகைப்படமும் அப்போது கிடையாது. ஆகவே யார் எங்கே நிற்கிறார், வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று அவர் சொல்லியே ஆகவேண்டும். இன்றுதான் கைப்பேசியிலேயே படம் வந்துவிடுகிறதே, வர்ணனை எதற்கு என்று கேட்கிறார்கள். சமகாலக் கலைக்கு அது முன்னைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது என்பேன்.

அமெரிக்கக் கலைஞர் பெலிக்ஸ் கொன்சாலஸ் தோரஸ் 1991-இல் செய்த ஒரு படைப்பை எடுத்துக்கொள்வோம். வண்ணத் தாளில் சுற்றிய மிட்டாய்கள் தரையில் குவிந்து கிடக்கின்றன. குவியலுக்குச் சொல்லப்பட்ட எடை 175 பவுண்டு, ஏறக்குறைய 79 கிலோ. வருகிறவர்கள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். குவியல் குறையும், மறுபடி நிரப்பலாம். அது அவருடைய காதலர் ராஸின் உருவப்படம். அந்த ஆண்டுதான் ராஸ் எய்ட்ஸ் நோயால் இறந்தார்.

இதைப் பற்றி முதன்முதலாக எழுதுகிறவர், ‘இழப்பையும் நிலையாமையையும் பேசும் ஆழமான படைப்பு’ என்று தொடங்குவார். தவறில்லை. ஆனால் அது சுவரில் ஒட்டியிருக்கும் குறிப்பிலிருந்து வந்த வாக்கியம். அவரிடம் நான் கேட்பேன்: நீங்கள் ஒன்று எடுத்தீர்களா? குனிய வேண்டியிருந்ததா? காவலர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கை தயங்கியதா? தாளைப் பிரித்த சத்தம் அந்த அறையில் எவ்வளவு பெரிதாகக் கேட்டது? நாக்கில் கரைவது ஒரு மனிதரின் எடையில் ஒரு துளி என்று எப்போது உறைத்தது, குறிப்பைப் படிக்கும் முன்பா, படித்த பிறகா?

கடைசிக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதினால் விமர்சனம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. குறிப்பு இல்லாமல் இந்தப் படைப்பு எதுவரை நிற்கிறது, குறிப்பு அதற்கு எதைச் சேர்க்கிறது என்று யோசித்தாக வேண்டும். அப்போது வரும் தீர்ப்பு, பாராட்டோ மறுப்போ, எழுதியவருக்கே சொந்தமானது.

எந்த நிலையில் பார்த்தீர்கள் என்பதையும் மறைக்காதீர்கள். 2010-இல் லண்டனின் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகக் கூடத்தில் சீனக் கலைஞர் அய் வெய்வெய் பத்துக் கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். முதல் சில நாள் மக்கள் அதன் மேல் நடந்தார்கள். பிறகு பீங்கான் தூசு உடம்புக்கு ஆகாது என்று உள்ளே போவதைத் தடுத்துவிட்டார்கள். காலடியில் விதைகள் நொறுநொறுக்கக் கேட்டவரும், ஓரத்தில் நின்று சாம்பல் நிறப் பரப்பைப் பார்த்தவரும் கிட்டத்தட்ட இரண்டு வேறு படைப்புகளைப் பார்த்தார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இளம் எழுத்தாளரின் வாக்கியத்தை நீங்களே அழகாக மாற்றி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அவர் அதை நன்றியோடு வாங்கிக்கொள்வார், ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டார். ‘அற்புதம்’, ‘ஆழமான’ போன்ற சொற்களுக்கு அடியில் கோடிட்டு, ‘எதைப் பார்த்து?’ என்று ஓரத்தில் எழுதுங்கள். முடிந்தால் இன்னொரு முறை கண்காட்சிக்கு அனுப்புங்கள். போக்குவரத்துச் செலவையும் நீங்களே கொடுங்கள். இரண்டாம் முறை பார்ப்பதும் எழுத்து வேலைதான்.

சரி, இப்போது பக்கத்து அறைக்குப் போகலாம். ஆளுக்கொரு படைப்பு, அரை மணி நேரம். கைப்பேசியை இங்கேயே வைத்துவிடுங்கள், சுவர்க் குறிப்பைக் கடைசியில் படியுங்கள். பத்தாவது நிமிடத்தில் எல்லாம் பார்த்தாயிற்று என்று தோன்றும். எழுந்துவிடாதீர்கள், அதற்குப் பிறகு கண்ணில் படுவதை எழுதிக்கொண்டு வாருங்கள்.